நீலத் தாளில் இல்லாத கட்டம்

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த நீளமான பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோடியில் குழந்தைகள் அவசரப் பிரிவின் டாக்டர். அவள் மடியில் ஒரு கோப்பு இருந்தது. மறு கோடியில், மூன்று வாரத்துக்கு முன்னால் பெண் குழந்தையைப் பறிகொடுத்த தாய். அவள் மடியில் ஒன்றும் இல்லை. நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். வந்தவர்கள் எல்லாம் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்கள்.

கோப்பைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் டாக்டருக்கு இல்லை. உள்ளே இருந்த நீலத் தாள் அவளுக்கு மனப்பாடம். ஆறு கேள்விகள். ஆறுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். கீழே அவள் கையெழுத்து, நேரம் பகல் பன்னிரண்டரை. உள்ளே உட்கார்ந்திருக்கிற மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்ப்பார்கள். டாக்டர் விதிப்படிதான் நடந்திருக்கிறார், வயதை மாற்றிச் சொன்னது தாய், ஆகவே பொறுப்பு தாயுடையது என்று எழுதுவார்கள். டீ வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் தாளில் ஏறாத ஒரு பேச்சு டாக்டரின் காதில் இருந்தது. அதை உள்ளே போய்ச் சொல்வதா, மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போவதா என்று மூன்று வாரமாக அவள் தூங்காமல் கிடந்தாள்.

அந்தத் தாளை இந்த மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவளே அவள்தான். அதனால் அவளுக்குத் 'தாள் டாக்டர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் மருத்துவமனையில் எந்தப் பெயர் முதுகோடு நின்றிருக்கிறது? அவளுக்கும் உள்ளுக்குள் அது பிடித்தே இருந்தது.

தாள் வருவதற்கு முன்னால் அங்கே நடந்த கூத்தைச் சொன்னால்தான் அவளுடைய பிடிவாதம் புரியும். குழந்தை தலையில் அடிபட்டு வந்தால் ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்பதை அப்பாவின் தொண்டை முடிவு செய்தது. மேசையைத் தட்டிக் கத்தினவர் பிள்ளைக்கு உடனே ஸ்கேன். வாயில்லாப் பூச்சியாக ஓரத்தில் நின்றவர் பிள்ளைக்கு 'பாக்கலாம்'. ஒருநாள், நெற்றியில் கொசு கடித்த அளவுக்கு வீங்கியிருந்த ஒரு பையனுக்கு, மாமா பெரிய இடம் என்பதற்காக மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காத்திருந்த இன்னொரு குழந்தைக்கு வரிசையிலேயே வலிப்பு வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்கேன் என்ன போட்டோ பிடிக்கிற வேலையா? வளர்கிற தலைக்குள் கதிரைப் பாய்ச்சுகிற வேலை. வேண்டாத பிள்ளைக்கு எடுப்பதும் தப்பு, வேண்டிய பிள்ளைக்கு எடுக்காததும் தப்பு. எத்தனையோ ஆயிரம் குழந்தைகளைப் பார்த்துச் சலித்தெடுத்த கேள்விகள் இருக்கின்றன. அதை வரிசையாகக் கேட்போம், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் வீட்டுக்கு அனுப்புவோம், ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் நிறுத்தி வைத்து யோசிப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எட்டு மாதம் நின்று சாதித்தும் விட்டாள்.

தாள் இரண்டு வகை. இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மஞ்சள், முடிந்த குழந்தைக்கு நீலம். நிறத்தைப் பொறுக்கியது அவள்தான். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஆனால் கேட்கிற கேள்வி வேறு. சின்னக் குழந்தையின் மண்டை மெல்லியது. அதனால் மஞ்சளில் மூன்றடி உயரத்துக்கு மேலிருந்து விழுந்தாலே 'ஆம்'. நீலத்தில் ஐந்தடியைத் தாண்ட வேண்டும். தலையின் பக்கவாட்டிலோ பின்னாலோ வீக்கம் உண்டா என்று மஞ்சளில் ஒரு கேள்வி உண்டு, நீலத்தில் கிடையாது. மஞ்சளில் கடைசியாக இன்னொன்று: 'பெற்றோர் கண்ணுக்குக் குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா?' பேசுகிற குழந்தை என்றால் தலை ரொம்ப வலிக்கிறதா என்று அதையே கேட்டுக்கொள்ளலாம். ஆகவே நீலத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று வருடம் தாள் நன்றாகத்தான் உழைத்தது. பெரிய இடத்து மாமாக்களிடம் நீட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது. வேண்டாத ஸ்கேன் பாதியாகக் குறைந்தது. ஓரத்தில் நின்றவர்களின் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு நேரத்தோடு ரத்தக்கசிவைக் கண்டுபிடித்துக் காப்பாற்றியும் இருந்தார்கள். அதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு, சலவை ஆலையின் காப்பகப் பொறுப்பாளர் அம்மாள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, நீராவி உருளையில் விட்டுத் தேய்த்து அனுப்புகிற ஆலை அது. அவர் குழந்தையைக் கிடத்திய கட்டிலின் விரிப்பும் அங்கே வெளுத்ததுதான். ஆலையில் வேலை பார்க்கிற பெண்களின் பிள்ளைகளுக்காகப் பின்கட்டில் ஒரு காப்பகம் நடந்தது. பொறுப்பாளர் நீட்டிய காப்பக அட்டையைப் பார்த்துப் பதிவு ஜன்னலில் 'வயது 2' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"எங்கேருந்து விழுந்தா?" என்று கேட்டாள் டாக்டர்.

"துணி மடிக்கிற மேசை டாக்டர். ஒரு நாலடி இருக்கும். நான் இன்னொண்ணுக்கு மூக்கத் தொடச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள ஏறிட்டா. கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்தாலும் இதுங்கள சமாளிக்க முடியல."

"விழுந்ததும் மயக்கம் ஏதாவது?"

"இல்ல. உடனே வீல்னு ஒரு தடவ அழுதா. அப்புறம் அடங்கிட்டா."

"வாந்தி?"

"இல்ல டாக்டர்."

தாய் கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல், வேலைக்குக் கட்டிய ரப்பர் முன்துணியோடு. நீராவி பட்டுப் பட்டு முழங்கை வரை சிவந்திருந்தது. குழந்தையைக் கண்டதும் அள்ளி எடுத்தாள். குழந்தை தாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

தாள் எடுக்கிற இடம் இதுதான். டாக்டர் சுவரோரப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "ரெண்டு வயசு முடிஞ்சிருச்சாம்மா?"

தாய் பதில் சொல்வதற்குள் பொறுப்பாளர் முந்திக்கொண்டார். "முடிஞ்சிருச்சு டாக்டர். முடியாதவங்கள நாங்க சேக்கவே மாட்டோம். ஆலையில அது கண்டிப்பு."

தாய் பொறுப்பாளரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். டாக்டர் நீலத்தை உருவினாள்.

ஏன் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயசுக்குத் தக்கபடி கேள்வி மாறும்மா, சரியாச் சொல்லுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பொறுப்பாளரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். வயது என்பது பதிவுச் சீட்டில் எழுதி வருகிற சமாசாரம், அதில் என்ன சந்தேகம் என்றுதான் டாக்டர் நினைத்தாள்.

வரிசையாகப் பார்த்தாள். வெளிச்சம் பட்டதும் கண் பாப்பா இரண்டும் ஒன்றுபோல் சுருங்கின. கை கால் அசைந்தன. டார்ச் விளக்கை ஆட்டிக் காட்டினால் குழந்தை கையை நீட்டிப் பிடித்தது. வாயைத் திறந்து பார்த்தபோது கோரைப்பல் நாலும் இன்னும் முளைக்காமல் ஈறு வெறுமையாக இருந்தது. ரெண்டு வயசுக்குக் கொஞ்சம் லேட், என்று மனதில் ஓடியது. சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று அதுவே பதிலும் சொல்லிக்கொண்டது. வலது காதுக்கு மேலே முடிக்குள் மெத்தென்று ஒரு வீக்கம் விரலில் தட்டியது. அதைக் குறிப்பில் எழுதினாள். நீலத்தில் அதைக் கேட்கவில்லை என்பதால் டிக் போட இடமில்லை.

"தலை வலிக்குதா கண்ணு? ரொம்ப வலிக்குதா?"

குழந்தை அவளைப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் 'இல்லை'யில் டிக் போட்டாள்.

அப்போதுதான் தாய் வாயைத் திறந்தாள். "டாக்டர், இவ இப்படி இருக்க மாட்டா."

"எப்படிம்மா?"

"இப்படி சும்மா இருக்க மாட்டா. வீட்டுல இவளுக்கு சைரன்னுதான் பேரு. சட்டைய மாத்தினாலே மூணு வீட்டுக்குக் கேக்கும்."

காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் சிரித்துவிட்டாள். அந்தப் பிரிவில் டாக்டருக்குச் சமமாகப் பதினைந்து வருடம் குப்பை கொட்டினவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். "சைரனா? இங்க தெனம் பத்து சைரன் வருதும்மா, காது போச்சு எங்களுக்கு. ஒண்ணாவது அடங்கியிருக்கேன்னு சந்தோஷப்படுங்க."

டாக்டரும் சிரித்தாள். "புது எடம், புது மூஞ்சி. மெரண்டுபோயிருக்கா. சரியாயிடுவா."

ஒரு மணி நேரம் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். குழந்தை தாயின் முன்துணி வாரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அச்சடித்த துண்டுக் காகிதத்தைத் தாயின் கையில் கொடுத்தபோது அவள் நகராமல் நின்றாள்.

"இல்ல டாக்டர்... இவ இப்படி இருக்கவே மாட்டா."

டாக்டரின் கண் தாளுக்குப் போனது. அந்தப் பேச்சை எங்கே எழுதுவது என்று ஒரு நொடி தேடியது. ஆறு கேள்வியிலும் அதற்கு இடமில்லை. கண் திரும்பி வந்துவிட்டது. "வாந்தி எடுத்தா, எழுப்பினா எந்திரிக்கலைன்னா, ஒடனே தூக்கிட்டு ஓடியாங்க. சரியா?" என்றாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள்.

தாய் சாயங்காலம் நாலரை மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மதியம் பால் குடித்துவிட்டுத் தூங்கினது, நாலு மணிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். வலது கண் பாப்பா அகலமாக விரிந்து அப்படியே நின்றது. சிஸ்டர் இப்போது சிரிக்கவில்லை. டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

பத்து நிமிடத்தில் ஸ்கேன் வந்தது. வீக்கம் இருந்த இடத்துக்கு நேர் கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தது. அதற்குள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. அறுவை அரங்கைத் தயார் செய்தார்கள். ஒப்புதல் படிவத்தைத் தாயிடம் கொண்டுபோனது டாக்டரேதான். வேறு யாரையும் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் படிவத்தில் 'வயது' என்று ஒரு கட்டம் கிடையாது. 'பிறந்த தேதி' என்றுதான் இருக்கும். தாய் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, நாள் மாதம் வருடம் எழுதினாள். கடைசி எண்ணை இரண்டு தடவை எழுதினாள். டாக்டர் அதைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒண்ணே முக்கால்கூட ஆகலியேம்மா. ஒரு வருஷம் ஏழு மாசம்தான் ஆகுது."

தாய் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? மளமளவென்று சொன்னாள். "எங்கக்கா பாத்துக்கிட்டிருந்தா டாக்டர். அவளுக்கு வேற ஊர்ல வேல கெடச்சு போயிட்டா. ரெண்டு முடிஞ்சாத்தான் காப்பகத்துல எடுப்பாங்க. அஞ்சு மாசம்தானே, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிரும்னு... சான்றிதழ் அப்புறம் தர்றேன்னு சொல்லி வெச்சிருந்தேன். காப்பகத்தம்மா பக்கத்துல நின்னாங்க, நான் என்ன சொல்லுவேன்? எடத்த எடுத்துட்டா நான் வேலைக்கே போக முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் டாக்டர்? வயசுக்கும் இதுக்கும் என்ன?"

மஞ்சள் தாள் டாக்டரின் கண்முன்னால் விரிந்து கிடந்தது. நாலடி உயரம், ஆம். காதுக்கு மேலே வீக்கம், ஆம். வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா, ஆம், ஆம். மஞ்சளை எடுத்திருந்தால் பன்னிரண்டு மணிக்குள் ஸ்கேன் எடுத்து, ஒரு மணிக்கு அரங்கத்தில் இருந்திருப்பாள் இந்தக் குழந்தை.

"அப்புறம் பேசலாம்மா" என்றாள். அப்புறம் என்று ஒன்று வரவில்லை. நாலாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. வயதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதை, பொய் வயதால்தான் தாள் மாறியது, பழி காப்பகத்துக்கு இல்லை என்று ஆலையிலிருந்து வந்த கடிதம் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் டாக்டரிடம் ரொம்ப அன்பாக இருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிரிவின் தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் இல்லை. தாளுக்காக அவளோடு சேர்ந்து மேலிடத்தில் மல்லுக்கட்டினவர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தாள்ல என்ன இருக்கோ அதுதான் நடந்தது. நீ ஏதாவது கூடச் சொல்லப்போய், தாளே வேணாம்னு தூக்கிப் போட்டாங்கன்னா? பழையபடி சத்தம் போடறவன் பிள்ளைக்கு ஸ்கேன், சும்மா நிக்கிறவன் பிள்ளைக்குப் பாக்கலாம். அதுக்கா எட்டு மாசம் நாயா அலைஞ்சோம்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது அவளை அவ்வளவு இழுத்தது.

சிஸ்டர் வேறு விதமாக வந்தாள். மருந்து அலமாரியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தம்மா என்னமோ சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல டாக்டர். உங்களுக்கு?" பதினைந்து வருடத் தோழமையில் அவள் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு அது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். தான் சிரித்தது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. கண் சிவந்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டில் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டே சொன்னார், "கேள்வித்தாள் மாறிப்போச்சுன்னா எழுதின பையன் என்ன பண்ணுவான்? உங்கிட்ட பொய் சொன்னது அவங்க."

"வயசுதான் பொய் சொன்னாங்க. மத்தது நெஜத்தச் சொன்னாங்க" என்றாள் அவள். "ரெண்டு தடவ சொன்னாங்க."

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

விசாரணை அறைக் கதவு திறந்தது. முதலில் தாயைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில், டாக்டரும் வரலாம் என்று ஆள் வந்து சொன்னான். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், நிர்வாக அதிகாரி ஒரு அம்மாள், குறிப்பு எழுதுகிறவர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் தாய். டாக்டருக்கு இன்னொரு நாற்காலி காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே இந்த முறை இடம் இல்லை; முழங்கை இடித்தது. நீராவிச் சிவப்பு மறைந்து தாயின் கை வெளிறிப்போயிருந்ததை டாக்டர் கவனித்தாள். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"அம்மா தப்ப ஒத்துக்கிட்டாங்க" என்றார் அதிகாரி அம்மாள், இரக்கமாகவே.

"ஆமா" என்றாள் தாய். "தப்பு என்னோடதுதான். நான்தான் வாயத் தெறக்கல. எம்புள்ளைய நான்தான் அள்ளிக் குடுத்தேன்." கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பேச்சு என்பது கேட்டவுடன் புரிந்தது.

நிபுணர் நீலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயரத்தைப் பற்றிக் கேட்டார், வீக்கத்தைப் பற்றிக் கேட்டார், எழுதியிருக்கிறது என்று தலையாட்டினார். "நீங்க பண்ணினதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல டாக்டர். கடைசியா ஒண்ணு. கேக்கணுங்கறதுக்காகக் கேக்கறேன். குழந்தையப் பத்திப் பெத்தவங்க வேற ஏதாவது சொன்னாங்களா?"

குறிப்பு எழுதுகிறவரின் பேனா 'இல்லை' என்று எழுத ஏற்கெனவே குனிந்துவிட்டது. டாக்டர் அந்தப் பேனாவைப் பார்த்தாள். தன் பேனாவும் அன்றைக்கு இப்படித்தான் குனிந்திருக்கும். எட்டு மாத உழைப்பு, தாள், மூன்று வருடப் பெயர் எல்லாம் அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் நின்றன. அந்தப் பேச்சை விழுங்குவது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"சொன்னாங்க" என்றாள்.

பேனா நின்றது.

"குழந்த எப்பவும்போல இல்லன்னு சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நான் எழுதல. நீலத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல. தாள் மேல தப்பு இல்ல சார், அதக் கேக்கற தாளும் அதே பெட்டியிலதான் இருந்துச்சு. கோரைப்பல்லு வரலைங்கறதையும் பாத்தேன். வயசு இடிக்குதேன்னு தோணுச்சு. கேக்காம விட்டுட்டேன்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி அம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தாய் நாற்காலியோடு திரும்பிவிட்டாள்.

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்கம்மா."

"எனக்கு ஞாபகமே இல்லையே. நான் வாயே தெறக்கலைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். ராவும் பகலும் அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். காப்பகத்தம்மா பக்கத்துல நிக்கிறாங்களேன்னு, பொய் வெளிய வந்துருமேன்னு, ஊமை மாதிரி நின்னு எம்புள்ளைய விட்டுட்டேன்னு..." அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. "என்ன சொன்னேன்? அப்படியே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம சொல்லுங்க."

டாக்டர் சொன்னாள். "'டாக்டர், இவ இப்படி இருக்க மாட்டா. இப்படி சும்மா இருக்க மாட்டா. வீட்டுல இவளுக்கு சைரன்னுதான் பேரு. சட்டைய மாத்தினாலே மூணு வீட்டுக்குக் கேக்கும்.' அப்புறம் கெளம்பும்போது திரும்ப நின்னு, 'இவ இப்படி இருக்கவே மாட்டா'ன்னீங்க."

தாயின் உதடு அந்தச் சொற்களைக் கூடவே முணுமுணுத்தது. சைரன் என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"அவ்வளவு சொல்லியிருக்கேன்" என்றாள் மெதுவாக. "அப்ப ஏன் நீங்க கேக்கல?"

"காதுல விழுந்துச்சும்மா. நான் தாளப் பாத்தேன். அதுல அது இல்ல. விட்டுட்டேன்."

தாய் டாக்டரின் கையை விட்டாள். தன் மடியைப் பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. மூன்று வாரமாக வராமல் அடைத்துக் கிடந்தது எல்லாம் ஒரே வீச்சில் வந்தது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றார்கள், பக்கத்து அறைகளின் கதவுகள் திறந்தன, கீழ்த்தளத்திலிருந்து யாரோ படியேறி ஓடிவருகிற சத்தம் கேட்டது. மூன்று வீட்டுக்கு என்ன, முப்பது வீட்டுக்குக் கேட்கிற குரல். குழந்தைக்கு அது எங்கிருந்து வந்தது என்று டாக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

குறிப்பு எழுதுகிறவர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். தாய் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் எழுந்து போகாமல், அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் தாயை அடக்கவில்லை.